மூன்றாம் இடத்துக்கு ஒரு கோல்கீப்பர்

புதுக்கோட்டைப் பக்கம் நடக்கிற எழுவர் கால்பந்துப் போட்டிகளில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் பெரும்பாலும் ஆடப்படுவதில்லை. நோட்டீசில் இருக்கும். மைக்கிலும் அறிவிப்பார்கள். ஆனால் அரையிறுதியில் தோற்ற இரண்டு கேப்டன்களும் கமிட்டி மேசைக்கு வந்து, "டாஸ் போட்டுக்கிருவோம்ணே" என்பார்கள். காசு மேலே போய்க் கீழே வரும். ஜெயித்தவருக்கு மூன்றாம் கோப்பை, மற்றவருக்கு நான்காம் கோப்பை. இரண்டு அணியும் பூட்ஸைக் கழற்றிவிட்டு, இறுதிப் போட்டி பார்க்க நிழலாக இடம் தேடிப் போய்விடும். யாருக்கும் வருத்தம் இல்லை.

சவரியப்பனுக்கு மட்டும் உண்டு.

இலுப்பூர்க்காரர். வயது முப்பத்தாறு. குட்டியானை வண்டியில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுவது தொழில். கடைத்தெரு மாடிகளுக்கு நிரம்பிய கேனைத் தோளில் ஏற்றிக் கொடுத்துவிட்டு இறங்கி வருவார். "காலிய மேலேருந்து போடுங்க" என்பார். போடுவார்கள், பிடிப்பார். சில சமயம் இரண்டு கேன் சேர்ந்து வரும், அதையும் பிடிப்பார். ஊர் அணியில் அவர் எப்படிக் கோல்கீப்பர் ஆனார் என்று யாரும் கேட்டதில்லை.

அந்த இடம் போனதும் கேனால்தான். ஒரு நாள் மாணவர் விடுதி ஒன்றில் கேன் இறக்கிக்கொண்டிருந்தபோது, மாடியிலிருந்து ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் காலிக் கேனை வீசிவிட்டார். கீழே நின்ற நெட்டையான மாணவன் ஒருவன் அதை ஒரு கையால் தட்டி, மறு கையில் ஏந்திக்கொண்டான். சவரியப்பன் தோளில் இருந்த கேனைக் கீழே வைத்தார்.

"தம்பி, பேரு என்ன?"

"அஜித்துண்ணே."

"சாயங்காலம் கிரவுண்டுக்கு வா."

வந்தான். ஒரு மாதத்தில் அஜித் முதல் கோல்கீப்பர், சவரியப்பன் மாற்று கோல்கீப்பர். "என் எடத்துக்கு நானே வண்டி வச்சு ஆளு கூட்டியாந்து விட்டேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். "ஆனா பய பாயுறதப் பாத்தீங்கன்னா நீங்களும் கூட்டியாந்திருப்பீங்க."

அணியின் கேப்டன் நிலவழகன், பள்ளி வேன் ஓட்டுகிறவர். அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு: ஜெர்சி வாங்கியவர்கள் எல்லாரும் ஒரு போட்டித் தொடரில் ஒரு தடவையாவது களம் இறங்க வேண்டும். நியாயமான சட்டம். ஆனால் தோற்றால் வெளியே போக வேண்டிய ஆட்டத்தில் எந்தக் கேப்டன் மாற்று ஆளை இறக்குவார்? ஆகவே பெஞ்சில் இருப்பவர்களுக்கு மிஞ்சுவது மூன்றாம் இட ஆட்டம். அதையும் டாஸ் தின்றுவிட்டால், சவரியப்பன் மாட்டிய கையுறையை அப்படியே கழற்றிப் பையில் வைப்பார். அவர் கல்யாணத்துக்கு முன்பு, குடுமியான்மலையில் ஒரு தடவை ஆட்டம் நடந்தது. அவர் காத்த வலையில் ஒன்பது கோல் விழுந்தன. அதன் பிறகு எங்கு போனாலும் டாஸ்தான்.

ஆட்டம் வேண்டாம் என்பவர்கள் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. காலையில் ஓடிய கால் வலிக்கும். மறுநாள் வேலைக்குப் போக வேண்டும். தோற்ற இருவர் மோதி எதை நிரூபிக்கப் போகிறார்கள்? சவரியப்பனிடம் இதற்கு ஒரு பதில் இருந்தது. கேன் இறக்கும் டீக்கடையில் எல்லாம் அதைச் சொல்வார்:

"ஒரு டோர்னமெண்ட்ல கடைசி மேட்ச்ச ஜெயிச்சிட்டு வீட்டுக்குப் போற டீம் ரெண்டே ரெண்டுதான். பெரிய கப்பு வாங்குனவன் ஒருத்தன், மூணாவது வந்தவன் ஒருத்தன். ரெண்டாவது வந்தவன் மூஞ்சியப் பாத்திருக்கீங்களா? எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்தவன் மாதிரி இருப்பான்."

இந்தப் பேச்சு எடுபடாத ஒரே இடம் அவர் வீடு. மனைவி ஷீபா இலுப்பூரில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறார். கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரின் ஆட்டத்தைப் பார்க்கப் போனார். கணவர் மாலைவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஷீபா திரும்பி வரும் வழியில் சொன்னார்:

"நீங்க ஒக்காந்திருக்கிறத நான் வீட்லயே பாத்துக்கிறேன். கோலுக்குள்ள நிக்கிறப்ப சொல்லுங்க, வாரேன்."

இரண்டு வருடமாகச் சொல்ல வாய்ப்பு வரவில்லை.

கடந்த மே மாதம் திருக்கோகர்ணம் பக்கம் ஒரு மைதானத்தில் போட்டி. ஞாயிறு காலை அரையிறுதியில் டவுன் அணியிடம் இலுப்பூர் ஒரு கோலில் தோற்றது. எல்லாரும் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு மரத்தடியில் சாய்ந்தார்கள். சவரியப்பன் மட்டும் செல்போனை எடுத்துக்கொண்டு மதில் ஓரம் போனார்.

"ஷீபா, நாலு மணிக்கு மூணாவது எடத்துக்கு மேட்ச்சு. நான்தான் நிக்கிறேன்."

"நெசமாவா? டாஸு கீஸுன்னு சொல்லிரக் கூடாது. லேப்பப் பூட்டிட்டு, ரெண்டு பஸ்ஸு மாறி வரணும்."

"நீ வா."

அப்போது அவர் யாரிடமும் கேட்டிருக்கவில்லை. தன் கேப்டனிடம்கூட.

மூன்றரை மணிக்குக் கமிட்டி மேசைக்கு இரண்டு அணியும் வந்தன. எதிரணி கோட்டைப்பட்டினம் பக்கத்துக் கடற்கரை ஊர். கேப்டன் முகமது ரபீக், மீன்பிடிப் படகில் போகிறவர். தடைக்காலம் என்பதால் படகுகள் கரையில் கிடந்தன. கடலுக்குப் போக முடியாத மாதத்தில் அந்த அணி எல்லாப் போட்டிக்கும் வந்துவிடும்.

"டாஸ்தானே?" என்றார் கமிட்டிச் செயலாளர் சேரன், காசைக் கையில் வைத்தபடி. "நாலரைக்கு சீப் கெஸ்ட் வந்துருவாரு. எனக்கும் நிம்மதி."

"டாஸ்தாண்ணே" என்றார் நிலவழகன்.

"ஆடுவோமே" என்றார் சவரியப்பன்.

நிலவழகன் திரும்பிப் பார்த்தார். ரபீக் கையை விரித்தார். "எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லண்ணே. வீட்டுக்குப் போனாலும் வலையத்தான் தைக்கணும். ஆனா எங்க கீப்பருக்குக் கணுக்கால் வீங்கிக் கெடக்கு. மாத்து கீப்பர் கெடையாது. கீப்பர் இல்லாம எப்படி ஆட?"

"எங்க கீப்பர எடுத்துக்கங்க" என்றார் சவரியப்பன்.

பெஞ்சிலிருந்து இறங்கக் காத்திருந்த முன்வரிசை ஆட்டக்காரர் கவியரசன்தான் முதலில் வாய் திறந்தார்.

"யண்ணே! அஜித்துக்கு எதிரா நாங்க கோல் அடிக்கணுமா? பிராக்டீஸ்லயே அடிச்சதில்ல!"

"டாஸ்னா பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்குண்ணே" என்றார் நிலவழகன். "நீங்க அதையும் தூக்கிக் குடுக்குறீங்க."

"ஒனக்கு ஆட்டம் வேணுமா, கப்பு வேணுமா?"

"கப்புண்ணே."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சவரியப்பன் சிரிக்கவில்லை. கையுறையைப் பிசைந்தபடி குரலைத் தாழ்த்தினார்.

"ஷீபா பஸ் ஏறிட்டாடா."

நிலவழகன் முகம் மாறியது. அவருக்கு ஷீபாவைத் தெரியும். போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தபோது அவரிடம்தான் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார்.

"அக்கா வருதா? மொதல்லயே சொல்லக் கூடாதா? அது ஊசி குத்துறப்பவே திட்டிக்கிட்டேதான் குத்தும். டாஸ் போட்டு முடிச்சிட்டோம்னு அதுக்கிட்ட யாரு சொல்றது? நான் சொல்ல மாட்டேன்." சேரன் பக்கம் திரும்பினார். "ஆடுறோம்ணே. கீப்பர் மாறி நிக்கிறதுக்கு ரூல் எடம் குடுக்குமா?"

சேரன் காசைச் சட்டைப் பைக்குள் போட்டார். "பைனல்னா விட மாட்டேன். இதுக்கு எவன் வந்து கேக்கப் போறான்? சீக்கிரம் எறங்குங்கப்பா."

கடற்கரை அணியின் ஜெர்சி அஜித்துக்குத் தொப்புள்வரைதான் வந்தது. அதை இழுத்து விட்டபடி சவரியப்பனிடம் வந்தான்.

"அண்ணே, நான் நெசமா ஆடணுமா, சும்மா நிக்கணுமா?"

"நெசமா ஆடு. சும்மா நின்னேன்னு தெரிஞ்சுது, நாளையிலேருந்து என்கூட கேன் எறக்க வரணும்."

மூன்றாம் இட ஆட்டத்தை யாரும் பார்ப்பதில்லை என்பது ஆடாதவர்கள் சொல்கிற கதை. இறுதிப் போட்டிக்கு இடம் பிடிக்க வருகிற கூட்டம் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிடும். வந்தவர்கள் எங்கே பார்ப்பார்கள்? அன்று நான்கு மணிக்கு மதில்மேல் கால் தொங்காத இடம் இல்லை. ஐஸ் வண்டிகள் வந்துவிட்டன. இலுப்பூரின் சொந்தக் கோல்கீப்பர் எதிர்ப்பக்கம் நிற்கிறான் என்று மைக்கில் சொன்னதும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்கள்தான். ரபீக் பந்தோடு இடப்பக்கம் ஏறிக்கொண்டிருந்தார். கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏங்க!"

சவரியப்பன் திரும்பினார். ஷீபா, கையில் பையோடு, வெயிலுக்குத் தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு நின்றார். சவரியப்பன் கையை ஆட்டினார். ஆட்டிய கைக்குக் கீழே பந்து உள்ளே போனது.

மதில் முழுக்கச் சிரிப்பு. "யண்ணே, அண்ணிக்கு டாட்டா அப்புறம் காட்டுங்க!" என்று கவியரசன் கத்தினார்.

ஷீபா இடத்தை விட்டு நகரவில்லை. வலைக்குப் பின்னால் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் சவரியப்பனுக்கு இரண்டு ஆட்டம்: ஒன்று முன்னால், ஒன்று முதுகுக்குப் பின்னால்.

"அங்கிட்டு என்ன பாக்குறீங்க? பந்து இங்கிட்டு வருது!"

"தெரியுது, தெரியுது."

"அந்தப் பச்சை பூட்ஸு போட்டவன் சும்மாவே நிக்கிறான், அவன யாரும் பாக்கல!"

பச்சை பூட்ஸ் அடுத்த நிமிடமே அடித்தார். சவரியப்பன் பாய்ந்து, மாடியிலிருந்து வருவதை வாங்குவது போல இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கூட்டம் ஓவென்றது. இடைவேளைக்குச் சற்று முன்பு நிலவழகன் அடித்த பந்து எதிராளி ஒருவரின் முழங்காலில் பட்டுத் திரும்பி, அஜித்தைத் தாண்டி உள்ளே உருண்டது. ஒன்றுக்கு ஒன்று.

இடைவேளையில் அணிகள் பக்கம் மாறின. ஷீபாவும் பையையும் துண்டையும் எடுத்துக்கொண்டு, கோட்டோரமாக மைதானம் முழுக்க நடந்து அடுத்த கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். மைக்கில் இருந்தவர் விடவில்லை. "இலுப்பூர் கோல்கீப்பருடன் அவரது பயிற்சியாளரும் பக்கம் மாறுகிறார்" என்றார். கைதட்டல்.

இரண்டாம் பாதியில் யாரும் பயந்து ஆடவில்லை. குதிகாலால் பந்தைத் தட்டினார்கள்; முதுகில் வாங்கினார்கள்; பெஞ்சிலேயே தூங்கி வழிந்த ஆட்கள் பதினெட்டு வயதுக்காரர்கள் போல ஓடினார்கள். சவரியப்பனுக்கும் உற்சாகம் தலைக்கேறியது. ஒரு பந்தைத் தடுக்க நடுக்கோடுவரை போனார். தடுத்தும்விட்டார். திரும்புவதற்குள் பந்து மறுபடி ரபீக் காலுக்கு வந்தது. தலைக்கு மேலே ஒரு தூக்கு. சவரியப்பன் ஓடினார், பந்தும் ஓடியது, பந்து முதலில் போய்ச் சேர்ந்தது. இரண்டுக்கு ஒன்று.

சற்று நேரத்தில் கடற்கரை அணிக்குப் பெனால்டி. ரபீக்கே அடிக்க வந்தார். முதுகுக்குப் பின்னால் முதன்முறையாகச் சத்தம் இல்லை. சவரியப்பன் வலப்பக்கம் விழுந்தார். பந்து உள்ளங்கையில் அறைந்து கம்பத்துக்கு வெளியே போனது. எழுந்து திரும்பிப் பார்த்தார். ஷீபா துண்டின்மேல் ஏறி நின்று, யாரென்றே தெரியாத பக்கத்துப் பெண்மணியின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

கடைசி நிமிடம். கவியரசன் தனியாகப் பந்தோடு அஜித்துக்கு எதிரே வந்தார். ஓங்கி அடித்தார். அஜித் விரல் நுனியால் அதை மேலே தள்ளினான். தள்ளிய வேகத்தில் ஜெர்சி கிழிந்தது. நடுவர் விசிலை ஊதினார்.

மூன்றாம் இடம் கடற்கரை அணிக்கு. அவர்கள் அஜித்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்; அவனோ, "அண்ணே, மன்னிச்சிருங்கண்ணே" என்று மேலேயிருந்து சவரியப்பனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். ரபீக் வந்து சவரியப்பனின் கையுறையைப் பிடித்துக் குலுக்கினார். "தடைக்காலம் முடியிறதுக்குள்ள எங்க ஊருக்கு ஒரு தடவ வாங்கண்ணே. நீங்களும் வாங்க, அக்காவும் வரட்டும். மேட்ச்சுக்கு மைக் செட்டே வேணாம்."

"கடைசி மேட்ச்ச ஜெயிச்சிட்டு வீட்டுக்குப் போறது ரெண்டு டீம்னு சொன்னீங்களேண்ணே, அதுல நம்ம எத்தனாவது?" என்று கவியரசன் கேட்டார். சவரியப்பன் கையுறையால் அவர் முதுகில் ஒன்று வைத்தார்.

சேரன் மேசையில் கூட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சிறப்பு விருந்தினர் எப்போதோ வந்து, நாற்காலியில் முன்னுக்குச் சாய்ந்து பெனால்டியைப் பார்த்திருந்தார். "அடுத்த வருசம் இந்த மேட்ச்சுக்கு டாஸ் கெடையாதுன்னு நோட்டீஸ்லயே போட்டுருவோம்" என்றார் சேரன், பக்கத்தில் இருந்தவரிடம். மறுநாள் பத்திரிகைகளில் இறுதிப் போட்டியின் முடிவு நான்கு வரி வந்தது. மூன்றாம் இடத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

குட்டியானை இலுப்பூர் சாலையில் திரும்பியது. பின்னால் காலிக் கேன்களுக்கு நடுவே அணி முழுவதும், நான்காம் கோப்பையும். முன்னால் ஷீபா. சவரியப்பன் ஓரக்கண்ணால் பார்த்தார்.

"எப்படி இருந்துச்சு?"

"மொத கோலு உங்க தப்பு."

"நீதானே கூப்புட்ட?"

"மேட்ச்சு நடக்குறப்ப எவ கூப்புட்டாலும் திரும்பிப் பாப்பீங்களா? பந்துமேலதான கண்ணு இருக்கணும்?"

"சரி, ரெண்டாவது?"

"அதுவும் உங்க தப்புதான். கோலுக்குள்ள நிக்கிறேன்னு வரச் சொல்லிட்டு, அம்புட்டுத் தூரம் எதுக்கு ஓடுனீங்க? அந்த ரபீக்கு மூணு தடவ மேல பாத்தான், தூக்கித்தான் அடிப்பான்னு எனக்கே தெரியுது."

"பந்து தரையில வந்துச்சு ஷீபா. போகலைன்னா அப்பவே கோலு."

"வரட்டுமே. நின்னு பிடிங்க. பெனால்டிய நின்னுதான பிடிச்சீங்க?"

"விழுந்து பிடிச்சேன்."

"எப்படியோ. அது நல்லா இருந்துச்சு."

பேச்சு பச்சை பூட்ஸுக்குப் போனது. அங்கிருந்து மறுபடி இரண்டாவது கோலுக்கு வந்தது. இரண்டு பேர் குரலும் உயர்ந்தன. பின்னாலிருந்து நிலவழகன் கேபினைத் தட்டினார்.

"அண்ணே, என்னண்ணே, சண்டையா?"

"இல்லடா" என்று சவரியப்பன் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சத்தமாகச் சொன்னார். "மேட்ச்சப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம்."