பெண் பார்க்க வந்த அன்று செத்த பவளம்

என்னைப் பெண் பார்க்க மல்லாவியிலிருந்து ஆட்கள் வந்த அன்று, எங்கள் ஓமந்தை வீட்டு ஹோலின் மூலையில் கணினி நாட்கணக்காக ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. விருந்தினர் கண்ணில் படக்கூடாதென்று அம்மா அதன்மேல் பூப்போட்ட மேசைத்துணியை விரித்து மூடியிருந்தார்.

கடல்நீரின் சூட்டையும் வெளிச்சத்தையும் மாற்றிக் கொடுத்தால் பவளப்பாறை எப்படி வளரும் என்று கணித்துக் காட்டும் நிரல் அதில் ஓடியது. பல்கலைக்கழக ஆய்வொன்றுக்காக நான் எழுதியது. வயலும் குளமுமாக இருக்கும் ஊரில் இந்த வேலையை விளக்குவது கடினம். "மகளுக்குக் கடலிலை வேலை" என்று அப்பா சுருக்கமாக முடித்துவிடுவார்.

அதுவரை சூட்டைக் கூட்டிய ஒவ்வொரு முறையும் திரையில் பவளம் வெளுத்துச் செத்தது. அன்றுதான் முதன்முறையாகத் தாக்குப்பிடித்துக் கிளைவிட்டு வளர்ந்துகொண்டிருந்தது. தேநீர்த் தட்டோடு போனபோதும் என் மனம் அந்தத் துணிக்கு அடியிலேயே இருந்தது.

"பிள்ளை கடலுக்கை இறங்கிறனீங்களோ?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"இல்லை அன்ரி. நான் கொம்பியூட்டரிலைதான் பவளம் வளர்க்கிறன்."

அவர் பவளமாலை ஏதுமில்லாத என் வெறுங்கழுத்தை ஒருமுறை பார்த்தார்.

சரியான வெக்கை. மாப்பிள்ளை எழுந்து மின்விசிறியைப் போட இடம் தேடினார். சுவரில் இருந்தது ஒரேயொரு பிளக். அதிலிருந்து மேசைத்துணிக்கு அடியில் போன வயரைப் பிடுங்கிவிட்டு விசிறியைச் செருகினார்.

"ஐயோ, செத்துப்போச்சு!" என்று கத்திவிட்டேன்.

"ஆர் செத்தது?" மாப்பிள்ளையின் அம்மா எழும்பியே விட்டார்.

"பயப்பிடாதேங்கோ. அது ஒரு கல்லு. உயிருள்ள கல்லு" என்றார் அப்பா. நிலைமை இன்னும் மோசமானது. காற்று நன்றாகத்தான் வந்தது. அனுபவிக்க யாருக்கும் மனமில்லை.

நல்ல காரியம் பேசப் போன இடத்தில் சாவுக் கதை கேட்டது சரியில்லை என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பினார்கள். அம்மா அழுதார். கேட்காமலே எழுந்து விசிறி போட்ட மனிதர் என்பது மட்டும் எனக்குக் கொஞ்சநாள் மனதில் நின்றது.

நிரலை முதலிலிருந்து ஓடவிட்டேன். பவளம் மறுபடியும் பிழைத்தது. பேராசிரியருக்கு அறிவித்தேன். "சந்தோஷம். சூட்டை இன்னும் ஒரு பாகை கூட்டிப் பாருங்கோ" என்று பதில் வந்தது. கூட்டினேன். பின்னேரம் கிளைகள் நுனியிலிருந்து வெள்ளை வெளேரென்று மாறத் தொடங்கின.

வயலிலிருந்து வந்த அப்பா என் தோளுக்கு மேலால் திரையை எட்டிப் பார்த்தார்.

"இண்டைக்குத்தான் பிள்ளை, பாக்க நல்ல வடிவாய் இருக்கு" என்றார்.