தமிழ் ரேக்கை நாங்கள் காப்பாற்றிய விதம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. எங்கள் ஏரியா நூலகத்தில், ஃபேனுக்கு நேர் கீழே இருக்கிற நாற்காலியைப் போராடிப் பிடித்து, ஓசிப் பேப்பரைப் பிரித்திருந்தேன். எந்த ஏரியா என்று கேட்காதீர்கள். நூலகர் மஞ்சுளா மேடத்துக்குச் சிக்கல் வரும்.

நிமிர்ந்து பார்த்தால், மேடம், கன்னடப் புத்தகங்களுக்கு நடுவே எங்களுக்கென்று இருக்கிற ஒரே தமிழ் ரேக் முன்னால் நிற்கிறார். ஒவ்வொரு புத்தகமாக உருவுகிறார். கடைசிப் பக்கத்தைத் திறக்கிறார். உச்சுக்கொட்டுகிறார். திரும்பச் சொருகுகிறார்.

“என்ன மேடம் தேடறீங்க?”

“உயிர் இருக்கான்னு நோடறேன் சார்.”

நோடறேன் என்றால் பார்க்கிறேன்; மேடத்துக்கு வீட்டில் கன்னடம். தமிழ், எங்களோடு மல்லுக்கட்டி வந்தது.

விஷயம் இதுதான். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு தேதிச் சீட்டு ஒட்டியிருக்கும். யாராவது எடுத்துப்போனால் அதில் ஒரு முத்திரை விழும். மூன்று வருடமாக முத்திரையே விழாத புத்தகம் என்றால்... கழிவு லிஸ்ட்!

“புதுக் கட்டு வந்துக்கிட்டே இருக்கு சார். எக்ஸாம் கைடு கேட்டு பசங்க நிக்கிறாங்க. கோடெ நாலுதானே? அதான், செவுரு நாலுதானே? உங்க ரேக்கு ஓடவே இல்ல. ஆஃபீசர் வரப்போ லிஸ்ட் கொடுக்கணும்.”

உங்க ரேக்கு! அந்த ‘உங்க’ என் நெஞ்சில் தைத்தது. மொழிப்பற்று பொங்கியது. உடனே ஓடிப்போய் நான் எந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன் என்று நினைக்கிறீர்கள்? பழைய இலக்கியமா? வரலாறா?

என்னுடையதை.

நான் பத்திரிகையில் எழுதும் இதே பத்திகளைத் தொகுத்துப் போட்டு, ஜிகினாப் பேப்பர் சுற்றி நானே நூலகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. தேதிச் சீட்டைப் பார்த்தேன். வெள்ளை. புதுப் பல்செட் கூட அவ்வளவு வெள்ளையாக இருக்காது.

வெளியே ஓடிவந்து ஆரோக்கியசாமி அண்ணாவுக்கு போன் போட்டேன். கோலார் தங்கவயலில் பிறந்து, காக்ஸ் டவுனில் ரிட்டயர் ஆனவர். எங்கள் வாக்கிங் குரூப்புக்குத் தலைவர். அவர் வாயில் ‘கடைசி’ என்பது ‘கட்சி’ என்றுதான் வரும்.

“அண்ணா, மொழிக்கு ஆபத்து!”

“இன்னா குரு, பீப்பி மாத்திரை போட்டியா இல்லியா?”

“தமிழ் ரேக்கைத் தூக்கப் போறாங்கண்ணா!”

“தூக்கட்டுமே. நீ கட்சியா எப்போ புக்கு எடுத்தே?”

“அது... அது வேற விஷயம்.”

“நானும் எடுக்கல. அப்போ நாம ரெண்டு பேரும் சேந்துதான் அதை சாவடிச்சிருக்கோம். ஆஃபீசர் மேல ஏன் கோவப்படறே?”

உண்மையைச் சொல்பவர்களிடம் பதறி என்ன பிரயோஜனம்? ஆனாலும் மனிதர் இளகிவிட்டார். திட்டம் உருவானது. என்னுடைய திட்டம்தான்... பின்னால் திட்டுவதற்கு வசதியாக இப்போதே சொல்லிவிடுகிறேன்.

குரூப்பில் நூலகக் கார்டு வைத்திருப்பவர்கள் பதிமூன்று பேர். ஒரு கார்டுக்கு மூன்று புத்தகம். ரேக்கில் இருப்பது நாற்பது. ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால்? எல்லாச் சீட்டிலும் முத்திரை! எந்த ஆஃபீசர் கை வைப்பார்?

சனிக்கிழமை படையெடுத்தோம். ஸ்ரீராம்புரத்துக்கு வீடு மாறிப்போன ஒருவர், பழைய கார்டைத் தேடி எடுத்து இரண்டு பஸ் மாறி வந்தார். புத்தகத் தேர்வு எப்படி நடந்தது தெரியுமா? எது ஒல்லியோ அதற்கு அடிதடி. சுத்த சைவர் ஒருவருக்கு ‘கோழி வளர்ப்பு’ கிடைத்தது. மேடம் முத்திரை குத்திக் குத்தி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார்.

பதிமூன்று மூணு முப்பத்தொன்பது. கணக்கு தெரிந்தவர்கள் இதற்குள் சிரித்திருப்பீர்கள். ரேக்கில் மிஞ்சிய அந்த ஒரே புத்தகம் என்னுடையது! என் புத்தகத்தை நானே எடுப்பதா, வெட்கமில்லையா என்று கண்ணியமாக விட்டேன். மற்ற பன்னிரண்டு பேரும் அதே கண்ணியத்தைக் காட்டிவிட்டார்கள்.

புதன்கிழமை ஆஃபீசர் வந்தார். சொல்லாமல் கொள்ளாமல். ஆறு தட்டு ரேக். உள்ளே ஒரே ஒரு புத்தகம், மல்லாந்து படுத்துக்கொண்டு.

மேடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்... “எல்லாம் ஜனங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க சார்.”

“ரொம்ப சந்தோஷம். புக்கெல்லாம் ஜனங்ககிட்ட பத்திரமா இருக்கு. ரேக்கு சும்மாதானே நிக்குது? கைடு அடுக்கிடுங்க.”

எப்பேர்ப்பட்ட மூளை! பதினைந்து நாள் கழித்து நாங்கள் வெற்றி வீரர்களாகப் பைகளோடு திரும்பிப்போனால், எங்கள் ரேக்கில் வங்கித் தேர்வு, ரயில்வே தேர்வு, போலீஸ் தேர்வு. புத்தகங்களுக்கு முத்திரை கிடைத்துவிட்டது. நிற்க இடம்தான் போய்விட்டது.

“இப்போ என்ன மேடம் பண்றது?” பையைக் கவுன்டரில் இறக்கி வைத்தேன்.

மேடம் பேப்பர் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டு தட்டைக் காட்டினார். “இங்க இருபது புக்கு நிக்கும். மிச்சம் இருபது எப்பவும் உங்க மனேல, வீட்லதான் இருக்கணும். மாத்தி மாத்தி எடுங்க. நாப்பதும் ஒரே நாள் உள்ள வந்துச்சு... இடம் இல்ல, லிஸ்டுதான்.”

அதாவது, ஆயுள் தண்டனை.

இப்போது எங்கள் குரூப்பில் முறை போட்டிருக்கிறோம். இந்த வாரம் யார், அடுத்த வாரம் யார் என்று. மொழியைக் காப்பாற்றுவது என்றால் மேடை, மைக், சால்வை என்றுதான் நான் நினைத்திருந்தேன். பதினைந்து நாளைக்கு ஒருமுறை துணிப்பையோடு போய், கவுன்டரில் கார்டை நீட்டுவது என்று ஒரு தலைவரும் சொல்லவில்லையே! சொல்லியிருந்தால் கூட்டத்துக்கே போயிருக்க மாட்டோம்.

நேற்று காலை ஆரோக்கியசாமி அண்ணா போன். குரலில் பதற்றம்.

“குரு, இந்த பங்களா கொலைக் கதையில கட்சி ரெண்டு பக்கம் இல்ல. எவனோ கிழிச்சிட்டான். மேடத்தாண்ட கம்ப்ளெயின்ட் பண்ணட்டா?”

“அய்யோ, வாயைத் திறக்காதீங்கண்ணா! பக்கம் இல்லாத புத்தகம்னு தெரிஞ்சா இன்னைக்கே கழிச்சிடுவாங்க.”

“அப்போ கொன்னது யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? மூணு நாளா தூக்கம் இல்ல. நீ எழுதற ஆளு, இதெல்லாம் படிச்சிருப்பே. சொல்லு.”

வருடக்கணக்கில் எங்கள் ரேக்குக்குக் கிடைத்த முதல் நிஜ வாசகர். அவரைக் கைவிட முடியுமா?

“டிரைவர்” என்றேன்.

“அதானே பாத்தேன்! மூணாவது பக்கத்துலயே அவன் மேல எனக்கு டவுட்டு குரு!”

அந்தக் கதையில் ஒரு டிரைவர் இருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.