அம்பயர் நாற்காலியிலிருந்து இறங்கியவர்

எண்பதுகளின் நடுவில், கார்த்திகை மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு வாரம். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி, பெங்களூர் சாலையை ஒட்டியிருந்த ஒரு தொழிற்சாலையின் டென்னிஸ் கோர்ட்டில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

டென்னிஸ் என்றதும் டி.வி.யில் பார்க்கிற பச்சைப் புல்தரையை நினைத்துவிடாதீர்கள். நாங்கள் ஆடியது அதற்கு ஏழெட்டுப் படி கீழே. ராக்கெட்டையும் துணிமணியையும் ஒரே பையில் திணித்துக்கொண்டு ஊர் ஊராக பஸ் ஏறிப் போய் ஆடுகிற கூட்டம் நாங்கள். பரிசுப் பணம் என்று பெயருக்கு ஏதோ உண்டு, அதை நம்பி உலை வைக்க முடியாது. தங்குவதற்கு உள்ளூரில் யார் வீட்டிலாவது இடம் பிடித்துக் கொடுப்பார்கள். அம்பயர்கள்கூட அரையிறுதிக்குத்தான் மெட்ராஸிலிருந்து வருவார்கள். அதுவரைக்கும் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு ஆட்டத்தில் தோற்றவர்தான் அதே கோர்ட்டில் நடக்கும் அடுத்த ஆட்டத்துக்கு அம்பயர். தோற்றுப்போன வயிற்றெரிச்சலோடு அந்த உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, மற்றவர்கள் ஜெயிப்பதை எண்ணிச் சொல்ல வேண்டும். அதைவிடக் கொடுமை வேறு கிடையாது.

எனக்கு அந்தப் போட்டி வாழ்வா சாவா. ஒரு வங்கியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். அங்கிருந்த அதிகாரி, "இந்த வருஷம் ஏதாவது ஒரு டோர்னமென்ட்ல செமி ஃபைனல் வந்துடும்மா, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லியிருந்தார். போன இடமெல்லாம் காலிறுதியோடு மண்ணைக் கவ்விக்கொண்டு வந்திருந்தேன். அந்த வருடத்தில் மீதியிருந்தது இந்த ஒரு போட்டிதான். இதிலும் இல்லையென்றால் ராக்கெட்டைப் பரணில் போட்டுவிட்டு, பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காபி கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று அப்பா தீர்த்துச் சொல்லிவிட்டார். சாதாரணமாகவே நான் ஒரு அவசரக் குடுக்கை. அந்த வாரம் உட்கார்ந்தால் நிற்கத் தோன்றியது, நின்றால் நடக்கத் தோன்றியது.

எனக்குக் கிடைத்த இடம் சுங்குவார்சத்திரத்தில் ஒரு ஃபோர்மேன் வீடு. வாசல் நிலைக்கு மேலே மாதா படம். வீட்டுக்கார அம்மா வஞ்சனை இல்லாமல் மீன் குழம்பு ஊற்றுவார். அதே அறையில் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த இன்னொரு ஆட்டக்காரரையும் தங்க வைத்திருந்தார்கள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். முப்பத்தைந்து வயதிருக்கும். நான் அக்கா என்று கூப்பிட்டேன்.

முதல் சுற்று முடிந்ததும் பிடித்துக்கொண்ட மழை இரண்டு நாள் விடவில்லை. அக்கா பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ராக்கெட் கைப்பிடிக்குப் புதுத் துணி சுற்றிக்கொண்டிருப்பார். நான் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருப்பேன்.

"ஏய், செத்த உக்காருடி. நீ நடந்தா மழை நின்னுடுமா?" என்பார்.

மூன்றாம் நாள் வெயில் வந்தது. ஒரு கோர்ட்டில் முழங்கால் தண்ணீர். இருந்த இன்னொரு கோர்ட்டில் மரத்தூளைக் கொட்டி ஈரத்தை உறிஞ்ச வைத்து, சுண்ணாம்பில் புதிதாகக் கோடு போட்டார்கள். இரண்டு நாள் வீணாகிவிட்டதால் காலையில் இரண்டாம் சுற்று, மத்தியானமே காலிறுதி. அன்று இரண்டு ஆட்டமும் ஜெயித்தால் நான் அரையிறுதியில். சரிதான் என்று அட்டவணையைப் பார்த்தேன். காலையில் கடைசி ஆட்டம் என்னுடையது, எதிரில் அக்கா பெயர்.

ஆளுக்கு ஒரு செட் எடுத்திருந்தோம். மூன்றாவது செட் நாலுக்கு நாலு. அக்கா அடித்த ஒரு பந்து என் பக்கத்துக் கடைசிக் கோட்டருகில் விழுந்தது. வெளியே விழுந்ததாகத்தான் என் கண்ணுக்குப் பட்டது. அவுட் என்றேன். முந்தைய ஆட்டத்தில் தோற்று நாற்காலியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த பெண், பந்தைப் பார்க்கவே இல்லை. நான் சொன்னதையே திருப்பிச் சொன்னாள். அக்கா விடுவிடுவென்று வலையைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்துவிட்டார்.

"கோட்டு மேல விழுந்த பந்தை அவுட்டுன்ற. கண்ணுல மண்ணா உனக்கு?"

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "என் கண்ணு நல்லாத்தான் கா இருக்கு. வயசானாத்தான் மங்கும்" என்றேன்.

அக்காவின் முகம் சுருங்கிப் போய்விட்டது. "பொய் சொல்லி ஜெயிக்கிறதும் ஒரு ஜெயிப்பா?" என்று கேட்டார்.

எங்கள் கோர்ட் மண் தரை. பந்து விழுந்தால் தடம் தெரியும், அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடலாம். ஆனால் ரெஃப்ரி ஓடி வருவதற்குள் நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே நின்று சண்டை போட்டு, தடத்தை மிதித்துத் துவைத்து மரத்தூளோடு கலந்துவிட்டிருந்தோம். சொன்னது சொன்னதுதான் என்று அந்தப் பாயிண்ட் எனக்கு வந்தது. அடுத்த இரண்டு கேமையும் எடுத்து நான் ஜெயித்தேன். கை கொடுக்கப் போனால், அக்கா விரல் நுனியைத் தொட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

நான் பொய் சொல்லவில்லை. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

மத்தியானம் காலிறுதிக்குக் கோர்ட்டுக்குள் போனபோதுதான் எனக்கு விஷயமே உறைத்தது. அக்கா நாற்காலியில் ஏறி உட்கார்ந்திருந்தார். காலையில் கடைசியாகத் தோற்றவர்தானே மத்தியானம் முதல் ஆட்டத்துக்கு அம்பயர். நாற்காலிக்குக் கீழே அவருடைய பை, ஜிப் போட்டு ஊருக்குப் போகத் தயாராக இருந்தது. தோற்றால் மறுநாள் காலை மணி அடிக்கும்போது பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும், தலைமை ஆசிரியர் ஒரு மாதிரியானவர், ஐந்து மணி பஸ்ஸை விட்டால் நேர் பஸ் கிடையாது என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ரெஃப்ரியிடம் ஓடினேன். "சார், வேற யாரையாவது உக்கார வைங்க சார். காலைல நடந்தது உங்களுக்கே தெரியும்."

"வேற யாரும்மா இருக்கா? தோத்தவங்கல்லாம் பஸ் ஏறிப் போயாச்சு. போய் ஆடும்மா" என்றார்.

எதிரில் ஆடியவள் வடக்கேயிருந்து வந்த நெட்டையான பெண். அடி ஒவ்வொன்றும் இடி மாதிரி விழுந்தது. ஆனால் எனக்குப் பயமெல்லாம் அவளிடம் இல்லை. பந்து கோட்டருகில் விழும்போதெல்லாம் நாற்காலியைத்தான் பார்த்தேன். எப்போது வைத்துச் செய்யப்போகிறாரோ என்று அதே நினைப்பு. அக்கா முகத்தில் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பது போல எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்தார். முதல் செட் போய்விட்டது.

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் வீட்டுக்கார அம்மா, கணவருக்குச் சாப்பாடு கொண்டுவந்த தூக்கோடு நின்றிருந்தார்.

"இன்னாம்மா நீ, பந்தைப் பாக்காம டீச்சரம்மா மூஞ்சியவே பாத்துகினு கீற?" என்றார்.

பக்கத்தில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. அந்த ரோஷத்திலேயே இரண்டாவது செட்டை எடுத்தேன்.

மூன்றாவது செட்டின்போது தொழிற்சாலைச் சங்கு ஊதியது. ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் அப்படியே வேலியைச் சுற்றி நின்றுவிட்டார்கள். நெட்டைப் பெண் ஐந்து, நான் நாலு. இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் எடுத்தால் அவளுக்கு வெற்றி. என்னை வலது ஓரத்துக்கு இழுத்துவிட்டு, இடது மூலைக்கு ஒரு அடி அடித்தாள். நான் ஓடினேன், எட்டவில்லை. பந்து மூலையில் விழுந்து வேலியில் போய் மோதியது.

கடைசிக் கோட்டைப் பார்க்க ஒரு வாட்ச்மேனை ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அவர் கையைத் தரைப் பக்கம் காட்டி, நல்ல பந்து என்றார். நெட்டைப் பெண் ராக்கெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடித்தாள். வேலியோரத்தில் விசில் பறந்தது. எனக்கும் அது உள்ளே விழுந்த மாதிரிதான் இருந்தது. முடிந்தது கதை. பரணும் காபித் தட்டும் கண் முன்னால் வந்து நின்றன. அழுகையை விழுங்கிக்கொண்டு, கை கொடுக்க வலையருகே போனேன்.

"எங்க போற? ஆட்டம் இன்னும் முடியல."

திரும்பிப் பார்த்தேன். அக்கா நாற்காலியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

"யாரும் அந்தப் பக்கம் கால் வெக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே மூலைக்குப் போனார். குனிந்து பார்த்தார். அது போதாமல் முழங்காலை மண்ணில் ஊன்றிப் பார்த்தார். விரலால் ஒரு வட்டம் போட்டுவிட்டு எழுந்து, "அவுட்" என்றார்.

வாட்ச்மேன் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார். "நல்லா உள்ளதாம்மா வுழுந்துச்சு. நான் பாத்துகினுதான இருந்தேன்."

"வந்து பாருங்கண்ணா."

அவர் போய்ப் பார்த்தார். நெட்டைப் பெண்ணும் இந்தியில் என்னவோ கத்திக்கொண்டே போய்ப் பார்த்தாள். கோட்டுக்கு அப்பால் ஒரு விரற்கடை தள்ளி, ஈர மண்ணில் தடம் பளிச்சென்று இருந்தது. வாட்ச்மேன் ஸ்டூலுக்கும் அவள் தன் இடத்துக்கும் திரும்பினார்கள். "இன்னாபா இது, தோத்துட்டு அழுவறவளக் கூப்ட்டு திரும்பி ஆட சொல்றாங்க" என்று வேலியோரத்தில் யாரோ சொன்னது காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு எப்படி ஆடினேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த கேமை எடுத்தேன். அடுத்த இரண்டையும் எடுத்தேன். அக்கா என்னை வெற்றி பெற்றவராக அறிவித்தபோது இருட்டிக்கொண்டு வந்தது. ஐந்து மணி பஸ் எப்போதோ போய்விட்டிருந்தது.

வேறு வழியில்லாமல் அவரும் என்னோடு அதே வீட்டுக்குத் திரும்பினார். வழியெல்லாம் அவர் எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தார். தட்டில் சோறு விழுந்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"அக்கா, ரொம்ப தேங்க்ஸ்கா. நீங்க மட்டும் இல்லன்னா..."

"உனக்காக ஒண்ணும் சொல்லல. கோட்டுல பட்டிருந்தா சுண்ணாம்பு தெறிக்கும். தெறிக்கல. அதான் எறங்கிப் பாத்தேன்" என்றார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, நிமிராமலே, "காலைல நான் அடிச்சதுல தெறிச்சுது" என்றார்.

இல்லையக்கா, வெளியேதான் விழுந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். வீட்டுக்கார அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் துன்னுட்டு அப்பால சண்ட போடுங்க. கொழம்பு ஆறுது" என்றார். அக்கா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளே குடைந்துகொண்டிருந்தது.

விடியற்காலையில் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் போனேன். காஞ்சிபுரம் போய் மாற வேண்டும், எப்படியும் முதல் மணிக்குப் போய்ச் சேர முடியாது. வயதைச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அதை விடு. வயசு ஆகத்தான செய்யுது" என்றார். பஸ் கிளம்பும்போது ஜன்னலிலிருந்து, "அடுத்த வருஷம் வாடி, அதே பந்தை அதே எடத்துல அடிச்சுக் காட்றேன்" என்று கத்தினார். அடுத்த வருடம் அங்கே போட்டியே நடக்கவில்லை. அதற்குப் பிறகு அவரை நான் எங்கும் பார்க்கவில்லை.

அரையிறுதியில் இரண்டே செட்டில் சுருண்டேன். ஆனாலும் வங்கி வேலை வந்தது. ராக்கெட் பரணுக்குப் போகவில்லை. அந்த வேலையில்தான் குடும்பம், வீடு எல்லாமே.

அன்று அக்கா சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். வாட்ச்மேன் உள்ளே என்று சொல்லியாகிவிட்டது, நானே தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுக்கப் போய்விட்டேன். ஒருத்தரும் ஒரு வார்த்தை குறை சொல்லியிருக்க மாட்டார்கள், பஸ்ஸும் கிடைத்திருக்கும். பொய் சொல்லித் தன்னை ஜெயித்தவள் என்று அவரே நம்பிய ஒருத்திக்காக அவர் இறங்கினார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இறங்கியிருப்பேனா என்று எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதைவிடவும் என்னைத் தூங்கவிடாத இன்னொன்று இருக்கிறது. சாயங்காலம் அவர் கண்ணை நம்பித்தான் எனக்கு வாழ்க்கையே கிடைத்தது. அதே கண்தான் காலையில் தன் பந்து கோட்டில் விழுந்ததென்று சொன்னது. நான் பொய் சொல்லவில்லை, ஆனால் ஜெயிக்கத் துடித்துக்கொண்டிருந்த என் கண் எதைப் பார்த்ததோ, யாருக்குத் தெரியும். வங்கி கவுன்டரில் எதிரே நிற்பவர் "இல்லம்மா, நான் சொல்றதுதான் சரி" என்று அடித்துப் பேசும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வந்த மறுநிமிடமே, நாங்கள் மிதித்து அழித்த அந்தத் தடம் ஞாபகத்துக்கு வர, பதில் சொல்வதற்கு முன்னால் நாற்காலியை விட்டு எழுந்து போய் லெட்ஜரை ஒரு தடவை பார்த்துவிட்டு வருவேன்.