மார்ச் கடைசி வரைக்கும்

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, இன்சீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த இன்டர்நெட் கடையில்தான் அந்தப் பதிலைப் படித்தேன். அப்போது நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன்; பர்மியப் பள்ளிகளில் அதுதான் கடைசி வகுப்பு. அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரி. தேர்வாகிவிட்டால் முழுச் செலவும் அவர்களுடையது. முன்கூட்டியே விண்ணப்பித்தால் முன்கூட்டியே முடிவு சொல்வார்கள் என்று நகரத்து நூலகத்தில் வேலை பார்த்த ஓர் அக்கா சொல்லியிருந்தார். அரசாங்கம் தடுத்து வைத்திருந்ததால் மெயில் பக்கங்கள் அப்போதெல்லாம் நேராகத் திறக்காது. கடைக்காரர் ஏதோ சுற்றுவழி முகவரியை அடித்துக் கொடுத்துவிட்டு, எதையும் பார்க்காதவர் போல நகர்ந்துவிடுவார்.

அப்பா உள்ளே வரவில்லை. வாசலில் நின்றிருந்தார்.

“கெடச்சிருச்சா?”

“இல்லப்பா. இல்லைன்னும் சொல்லல. தள்ளி வெச்சிருக்காங்க. மார்ச் கடைசில மத்தவங்களோட சேத்து மறுபடி பாப்பாங்களாம்.”

“அதுவரைக்கும் நாம என்னா செய்யணும்?”

“பிப்ரவரிக்குள்ள அரை வருச மார்க் அனுப்பணும். பள்ளிக்கூட முத்திரையோட.”

“கெய்சா மஷிபூ” என்றார். ஒன்றுமில்லை, பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். வீட்டில் தமிழ் பேசினாலும் இதை மட்டும் பர்மியத்தில்தான் சொல்வார்.

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. “மார்க் எல்லாம் இருக்கு. ஆனா வெளிநாட்டுக்குப் போற காகிதத்துல நான் முத்திரை வெச்சா, நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க. டவுன்ஷிப் கல்வி ஆபீஸ்ல ஒரு அனுமதி வாங்கிட்டு வந்துருங்க” என்றார். சொல்லும்போது எங்களைப் பார்க்காமல் மேசைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

போட்டாதாங்கில் ஒரு கிடங்கில் அப்பாவுக்குக் குமாஸ்தா வேலை. வியாழக்கிழமைதோறும் அரை நாள் லீவு போட்டுவிட்டு ரயிலேறி வந்து, அந்த ஆபீசில் உட்கார்ந்தார். ஜனவரியில் ஒருமுறை நானும் கூடப் போனேன். பெஞ்சின் ஓரத்தில், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடும் சட்டையோடு, இரண்டு கைகளையும் முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லாரிக்காரர்களை அதட்டி வேலை வாங்குகிற மனிதர் அவர். என்னைவிடக் கொஞ்சமே வயது கூடிய ஒரு எழுத்தர் கடந்து போகும்போதெல்லாம் எழுந்து நின்றார். மூன்றாவது முறை எழுந்தபோது எனக்குத் தாங்கவில்லை.

“போதும்ப்பா. வாங்க, போயிரலாம்.”

“நீ படிக்கிற வேலயப் பாரு. இது என் வேல.”

எழுத்தர் எங்கள் மனுவைத் தேடிப் பார்த்து, அது மேலே போயிருப்பதாகச் சொன்னார். எங்கே மேலே என்று கேட்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

பிப்ரவரியில் கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போதும் அனுமதி வரவில்லை. அன்று சாயங்காலம் வகுப்பாசிரியை வீட்டுக்கு வந்தார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது அந்த ஒரே ஒரு தடவைதான். அம்மா கொடுத்த டீயைக் குடிக்கக்கூட இல்லை. கோடு போட்ட தாளில் என் மார்க்குகளைத் தன் கையெழுத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். “முத்திரை இல்ல. என்னால முடிஞ்சது இவ்வளவுதான். யார்கிட்டயும் சொல்லிராதே” என்றார்.

அதை ஸ்கேன் செய்து அனுப்பினேன். முத்திரை ஏன் இல்லை என்பதை, யார்மேலும் குறை சொல்லாமல் இங்கிலீஷில் எழுத வேண்டும். நான்கு முறை அடித்து அழித்தேன். எழுத எழுத நானே ஏதோ மோசடி செய்கிறவள் மாதிரி இருந்தது. உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது என்று எந்திரம் எழுதிய இரண்டு வரி பதிலாக வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

மார்ச்சில் பத்தாவது பரீட்சை எழுதினேன். கெமிஸ்ட்ரி அன்று ஒரு முழுக் கேள்வியையும் பார்க்காமல் விட்டுவிட்டு வந்தேன். கோயிலில் எல்லாரும் “என்னாச்சு, என்னாச்சு?” என்று கேட்கவே, அம்மா பூசை முடிந்ததும் பக்கத்துக் கதவு வழியாக வெளியேற ஆரம்பித்தார்.

முடிவு வரும் நாளில் ஊர் முழுக்க இன்டர்நெட் இல்லை. அடுத்த நாளும் இல்லை. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்த அண்ணனுக்குத் தெருமுனைக் கடையிலிருந்து போன் போட்டு, என் மெயிலின் ரகசியச் சொல்லை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். பின்னால் நின்றவர்கள் எல்லாருக்கும் அது கேட்டிருக்கும். அப்பா பக்கத்தில் நின்றார்.

“இரு, தொறக்குது.” அண்ணன் முணுமுணுத்துப் படிப்பது கேட்டது.

“அண்ணே?”

“நீளமா எழுதிருக்காங்க, பாப்பா. உன்னப் பத்தி நல்லாத்தான் எழுதிருக்காங்க.”

“என்னா சொல்றாங்க?”

“எடம் கம்மியாம். ரொம்பப் பேரு கேட்டாங்களாம்...”

“அண்ணே, சொல்லு.”

“இல்லையாம் பாப்பா.”

அப்பா ரிசீவரை வாங்கிக்கொண்டார். “நீ சாப்ட்டியா?” என்று அண்ணனைக் கேட்டார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “சரி, வேலைக்கு நேரமாச்சு, நீ போ” என்று சொல்லி வைத்துவிட்டார். அம்மா வாசலுக்கு வந்து எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் சோற்றைப் போட்டார்.

முத்திரை இல்லாததால்தான் போயிற்று என்று அப்பா நம்பினார். அப்படி இருக்காது என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். உண்மையில் எனக்கும் தெரியாது. யாரைக் கேட்பது?

ஜூனில் ரிசல்ட் வந்தது. பாஸ் செய்திருந்தேன், கெமிஸ்ட்ரியில் மயிரிழையில். தபால் வழியில் பொருளாதாரம் சேர்ந்தேன். அடுத்த வருஷம் நூலகத்து அக்கா, இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாமே என்று ஆள் அனுப்பிச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதன் பிறகு நூலகம் இருக்கும் தெருப் பக்கம் போக வேண்டி வந்தால், ஒரு தெரு சுற்றிப் போனேன்.