ஒட்டாத காகிதம்

பிஸ்கட் கம்பெனி மூடப்பட்டபோது அந்த அம்மாளுக்கு நாற்பத்தேழு வயது. இருபத்திரண்டு வருஷம் அங்கே ஸ்டோர் பார்த்தவர். எந்த மூட்டை எந்த மூலையில் இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அப்படிப்பட்டவர் வீட்டில் சும்மா உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஒரே மாதத்தில் சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் நம்பர் ஒட்டிவிட்டார். சர்க்கரை எங்கே என்று கேட்டால் “பதினேழு” என்று பதில் வந்தது. பஸ் ஓட்டும் கணவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, செய்தித்தாளில் ஒரு விளம்பரத்தைத் தேடிப்பிடித்து மனைவி முன்னால் வைத்தார்.

ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கு, தொழிற்சாலைகளுக்குப் போய் விவரம் சேகரிக்க ஆள் தேவைப்பட்டது. ஒரு தொழிற்சாலை வேண்டாமென்று தள்ளுவது இன்னொன்றுக்கு மூலப்பொருள் ஆகுமா என்பதுதான் ஆராய்ச்சி. அம்மாளுக்கு வேலை கிடைத்தது. நாற்பது தொழிற்சாலைகள், ஒன்பது பக்கப் படிவம். முதல் மாதம் திரும்பி வந்த படிவங்களில் எல்லாம் ஒரே பதில்: ‘கழிவு இல்லை.’ சோதனை போட வந்திருக்கிறார்கள் என்று மேனேஜர்கள் பயந்துவிட்டார்கள். ஆராய்ச்சியை நடத்திய பேராசிரியர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

“சார், முன்வாசல்ல கேட்டா இப்படித்தான் சொல்லுவாங்க. நான் பின்வாசல் பக்கமா போய்ப் பார்க்கிறேன்” என்றார் அம்மாள்.

போனார். குப்பை லாரியில் என்ன ஏறுகிறது என்று பார்த்தார், ஏற்றுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தார், எல்லாவற்றிலும் ஒரு கைப்பிடி எடுத்து வந்தார். வீட்டு அலமாரியில் நுரைத்துண்டு, தோல் நறுக்கு, மரத்தூள் என்று சேர்ந்தன. ஒருநாள் கணவர் அடிப்பிடித்த வாணலியைப் பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு நல்ல பவுடர் வாங்கியிருக்கிறாய் என்று பாராட்டினார். அது தரை ஓடு தயாரிக்கும் ஆலையில் மெருகேற்றும்போது விழுந்த தூள். வாணலியை இன்னும் மூன்று தடவை கழுவ வைத்துவிட்டு, அறிக்கையில் அதற்கும் ஒரு வரி எழுதினார். சோதித்தவர் யார் என்பதை மட்டும் எழுதவில்லை.

பழச்சாறு ஆலையில் லேபிள்கள் நீளமான காகிதச் சுருளில் வரும். மெஷின் லேபிளை உரித்துப் பாட்டிலில் ஒட்டியதும் வழவழப்பான அடிக்காகிதம் மிஞ்சும். அதன்மேல் எதுவும் ஒட்டாது. அதனாலேயே யாருக்கும் அது வேண்டாம். அம்மாள் கொஞ்சம் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து, அந்த ஆலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டு செய்யும் சிறிய பட்டறைக்குப் போனார். அங்கே உள்ளங்கை அகலத்துக்கு, இன்னும் பதப்படுத்தாத பச்சை ரப்பர் பட்டைகள். ஒன்றன்மேல் ஒன்று பட்டால் பிரிக்கவே முடியாது. அதனால் நடுவில் புது பிளாஸ்டிக் பட்டையை வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மாள் தன் காகிதத்தை ரப்பர்மேல் அழுத்தி இழுத்தார். வாழைப்பழத் தோல் போல வந்தது.

“இது எங்கம்மா கிடைச்சுது?” என்றார் பட்டறைக்காரர்.

“குப்பையில.”

உடனே பழச்சாறு ஆலையிலிருந்து ஒரு மூட்டை வரவழைத்தார்கள். மறுநாளே பட்டறைக்காரர் போன் செய்தார்: “அம்மா, நீங்க அனுப்பினது பேப்பர் இல்ல, குருவிக்கூடு.” அவ்வளவு சிக்கல். அம்மாள் ஆலைக்குப் போய்ப் பார்த்தார். மெஷின் அடிக்காகிதத்தை ஒழுங்காகத்தான் சுற்றுகிறது. ஆபரேட்டர்தான் அதை அறுத்து இழுத்து மூட்டையில் திணிக்கிறார். சுருள் கலையாமல் கழற்ற ஒரு நட்டைத் தளர்த்த வேண்டும். இரண்டு நிமிட வேலை.

“குப்பைக்கு எதுக்குக்கா மரியாதை?” என்றார் ஆபரேட்டர்.

அம்மாள் வாதாடவில்லை. ஷிப்ட் முடிந்ததும், வழியில்தானே என்று சொல்லி அவரைப் பட்டறைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு பெண், சிக்கெடுத்த காகிதத்தில் ரப்பரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். காகிதத்தில் லேபிள் இருந்த இடமெல்லாம் முட்டை வடிவத் தடம். தன் மெஷினிலிருந்து வந்ததுதான் என்று ஆபரேட்டருக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்சம் இறுக்கமாகச் சுற்றி வந்தால் தேவலை, முடியுமா என்று அந்தப் பெண் கேட்டாள். ரொம்ப இறுக்கினால் கிழியும் என்று ஆரம்பித்தவர், முக்கால் மணி நேரம் நிறுத்தவில்லை. ஒன்பது வருஷத்தில் அவர் வேலையைப் பற்றி அவரிடம் யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

மறுநாளிலிருந்து முழுச் சுருளாக வந்தது. பட்டறைக்காரர் பிளாஸ்டிக் பட்டை வாங்குவதை நிறுத்திவிட்டார்.

வருஷ முடிவில் இப்படிப் பதினொரு தொழிற்சாலை ஜோடிகளை முயன்று பார்த்திருந்தார்கள். ஏழு கலைந்தன; ஒன்று நாற்றத்தால், ஒன்று இரண்டு மேனேஜர்களின் சண்டையால். நான்கு நிலைத்தன. நிலையத்தில் நடந்த கூட்டத்தில் பேராசிரியர் மூச்சுக்கு மூச்சு ‘சுழற்சிப் பொருளாதாரம்’ என்றார். இரண்டாவது வரிசையில் இஸ்திரி போட்ட சட்டையில் ஆபரேட்டரும் பட்டறைக்காரரும் காகித அகலத்தைப் பற்றிக் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாளின் வேலை மேலும் மூன்று வருஷத்துக்கு நீட்டிக்கப்பட்டது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவர் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது ஆபரேட்டர் போன் செய்தார்.

“அக்கா, நாளையிலேருந்து பத்து நாள் எனக்கு லீவு. எனக்குப் பதிலா வர்றவர்கிட்ட சுருளைப் பத்தி நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் சொன்னா, குப்பைக்குப் போய் பந்தா பண்றான்னு சிரிப்பாரு.”