பைதகரசும் பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியும்

பைதகரஸ் என்றால் எங்கள் வீட்டில் முக்கோணம்தான். அப்பா யாழ்ப்பாணத்திலும் பிறகு மெல்பேணிலும் கணக்கு வாத்தியார். அதனால் செங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கத்தைப் பற்றிச் சின்ன வயதிலேயே எனக்குத் தேவைக்கு அதிகமாகத் தெரிந்திருந்தது. அந்த மனிதர் என்ன தின்றார், எப்படி வாழ்ந்தார் என்று ஒருவரும் சொன்னதில்லை. எழுபதுகளின் நடுவில் மெல்பேண் புறநகரான நோபல் பார்க்கில் பக்கத்து வீட்டில் இருந்த கிரேக்க அங்கிள்தான் அதைச் சொல்லி என்னைக் குழப்பிவிட்டார்.

அவர்களுடைய ஈஸ்டருக்குச் சில நாள் முன்பு அங்கிள் ஒரு ஆட்டுக்குட்டியை வாங்கிவந்து பின்வளவில் எலுமிச்சை மரத்தில் கட்டினார். வேலிக்கு மேலால் எங்களையும் விருந்துக்கு அழைத்தார். நாங்கள் சைவம். அவர் முகம் சுருங்கக்கூடாதே என்று அப்பா, நாங்கள் மச்சம் மாமிசம் தொடுவதில்லை என்பதைச் சுற்றிவளைத்துச் சொன்னார். அங்கிள் கோபிக்கவில்லை. தன்னுடைய சாமோஸ் தீவில் பிறந்த பைதகரசும் இறைச்சி தின்னாதவர்தான் என்று நெஞ்சை நிமிர்த்தினார். அவருடைய சீடர்களுக்கு அவரைக்கொட்டையும் ஆகாதாம். ஒருநாள் தெருவில் யாரோ நாய்க்குட்டியை அடிக்க, அது செத்துப்போன தன் நண்பன், குரலிலேயே தெரிகிறது என்று சொல்லித் தடுத்தாராம்.

அப்பா ஆடிப்போனார். இத்தனை வருடம் தேற்றத்தைப் படிப்பித்தவருக்கு மறுபிறப்பு விஷயம் தெரியாது. "ஆள் எங்கட பக்கம் வந்துதான் இதைப் படிச்சிருக்கவேணும்" என்று சாப்பாட்டு மேசையில் முடிவு கட்டினார். "ஓம், காங்கேசன்துறையிலை இறங்கினவராக்கும்" என்றார் அம்மா.

எனக்குத்தான் தலை சுற்றியது. அந்த ஜனவரியில் என் சின்ன மாமா, அம்மாவின் ஒரே தம்பி, ஊரில் காய்ச்சல் வந்து இறந்திருந்தார். தந்தி வந்தபோது செத்தவீடு முடிந்துவிட்டது. அம்மா தந்தியை மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனார். ஊரில் இருந்தபோது மாமா எங்கள் வாசல் படலைக்கு வந்தால் கூப்பிடமாட்டார், தொண்டையைச் செருமுவார். அந்த ஆட்டுக்குட்டியும் அச்சொட்டாக அப்படியே செருமியது. அங்கிள் வெட்டப்போவது மாமாவை என்றால் யாராவது தடுக்க வேண்டாமா?

அம்மா கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். "அம்மா, அது மாமா" என்றேன். அம்மாவின் கை அப்படியே நின்றது. பிறகு, "விசர்க்கதை கதையாதை" என்றார்.

அப்பாவிடம் ஓடினேன். அடுத்தவர் பெருநாளில் மூக்கை நுழைக்கக்கூடாது என்பது அவருடைய கவலை. கொஞ்சம் யோசித்து, "பைதகரஸ் சொன்னது நாய்க்கு மட்டும்தான், ஆட்டுக்கில்லை" என்று தீர்ப்புச் சொன்னார். கணக்கு வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆடு வெறும் ஆடுதான் என்று நான் நிம்மதியாக விளையாடப் போய்விட்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அம்மா வேலியோரம் கீரைத்தண்டோடு நின்றார். ஆடு செருமியது. "சாப்பிட்டனியோ?" என்று அம்மா மெல்லக் கேட்டார். ஆட்டிடம் யாராவது இப்படிக் கேட்பார்களா! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஈஸ்டருக்கு முதல்நாள் மரத்தடியில் கயிறு மட்டும் கிடந்தது. ஞாயிறு காலை வேலிக்கு அப்பாலிருந்து புகை வந்தது. அம்மா எல்லா யன்னலையும் சாத்தினார். தலைக்கு முழுகினார். அடுப்பு மூட்டவில்லை. குசினிக் கதிரையில் இருந்துகொண்டு விம்மி விம்மி அழுதார். தந்தி வந்த அன்றுகூட அப்படி அழாதவர். ஈஸ்டருக்குச் சாயம் போட்ட சிவப்பு முட்டைகளோடு வந்த கிரேக்க அன்ரி ஒன்றும் விளங்காமல் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அப்பா வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

அம்மாவைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. கிட்டப்போய்க் கையைப் பிடித்து, எனக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னேன்.

"அழாதைங்கோ அம்மா. வாற வருசம் அங்கிள் வேற ஒண்டு வாங்கிக்கொண்டு வருவார்."