அத்தான் கடையைப் பூட்டிய நாள்

என் அக்கா இங்கிலாந்தில், கென்ற் மாவட்டத்தில் இருக்கிறாள். அவள் வீட்டிலிருந்து கடலுக்குக் காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் இத்தனை வருடங்களில் அவள் அந்தக் கடற்கரைக்குப் போனதே இல்லை. காரணம் அத்தானின் கடை. பாலும் பேப்பரும் சிகரெட்டும் விற்கிற மூலைக்கடை அது. நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும்தான் பூட்டுவார்.

போன கோடையில் ரொறொன்ரோவிலிருந்து போய் அவர்களோடு நின்றேன். முதற் கிழமை கடையின் பின்னறையில் தேத்தண்ணி குடித்தே கழிந்தது. பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"அத்தான், நான் ரொறொன்ரோவில இருந்து வந்தது உங்கட கடையைப் பாக்கவோ? ஒரு நாளைக்குப் பூட்டுங்கோவன்."

"பூட்டினா சனம் வேற கடைக்குப் போயிடும், பிள்ளை."

"போகட்டும்," என்றாள் அக்கா.

அவள் அப்படி வெட்டிப் பேசி நான் கேட்டதில்லை. அத்தானும் கேட்டதில்லை போலும். அடுத்த நாள் காலை கடையைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, திரும்பவும் போய் இழுத்துப் பார்த்துவிட்டுக் காரில் ஏறினார்.

முதலில் சான்ட்விச் என்ற பழைய ஊர். ஒருகாலத்தில் பெரிய துறைமுகமாம். கடல் விலகிப் போக ஊர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஒடுங்கிய தெருவின் இரு பக்கமும் மரச்சட்டம் போட்ட வீடுகள் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்து நின்றன. ரொறொன்ரோவில் நூறு வயதுக் கட்டடம் என்றாலே பழமைச் சின்னம் என்று பலகை அடித்துவிடுவார்கள். இங்கே பல நூறு வருட வீட்டு வாசலில் யாரோ குப்பை வாளியை வைத்திருந்தார்கள். நானும் அக்காவும் வாசலுக்கு வாசல் நின்று படம் எடுத்தோம். அத்தான் கடை யோசனையிலேயே நடந்தார்.

பிறகு டீல் என்ற கடற்கரை ஊர். மணல் இல்லை, கரை முழுக்கக் கூழாங்கல். கடலுக்குள் நீண்டு போகும் பாலத்தில் பலர் தூண்டில் போட்டிருந்தார்கள். அதிலொரு வெள்ளைக்காரக் கிழவர், தேத்தண்ணிப் பிளாஸ்கைத் திறப்பதற்காகத் தன் தூண்டில் தடியைக் கொஞ்சம் பிடிக்கும்படி அத்தானிடம் நீட்டினார். அத்தான் வாங்கியதுதான் தாமதம், தடி வளைந்தது.

"ஐயோ, இழுக்குது! இஞ்சை ஓடி வாங்கோ!"

அத்தான் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கிழவர் தேத்தண்ணியை வைத்துவிட்டு கயிற்றை எப்படிச் சுற்றுவதென்று காட்டினார். முதுகில் கருநீல வரி ஓடிய மக்கரல் மீன்கள், பல முள் கட்டிய ஒரே கயிற்றில் நாலு, துடித்துக்கொண்டு மேலே வந்தன. எல்லாவற்றையும் அத்தானே கொண்டுபோக வேண்டும் என்று கிழவர் பிடிவாதமாகச் சொன்னார். அக்கா புட்டுக் கொண்டுவந்த பெட்டியைக் கழுவி நீட்டினாள். வால்கள் வெளியே நின்றன.

பின்னேரம் மூவரும் கல்லில் சாய்ந்திருந்தோம். கடைக்குப் போவோமா என்று அத்தான் கேட்கவேயில்லை. அன்றிரவு மீன் குழம்பை அவர் திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போது ஞாயிறு பின்னேரங்களில் கடை பூட்டு. அத்தான் தூண்டில் வாங்கிவிட்டார். அவர் அனுப்பும் படங்கள் என் போனுக்கு வரும், பெரும்பாலும் மீன்கள்தான். போன ஞாயிறு வந்ததில் மீன் இல்லை. அக்கா வெயிலில், சால்வையைத் தலைக்கு வைத்துக் கரையில் படுத்து, வாய் திறந்தபடி நித்திரை கொள்கிறாள்.

"எழுப்பாதேங்கோ, அத்தான்," என்று பதில் போட்டேன்.